தவிட்டுக்கு வாங்கிய புருஷன்

நன்றாகப் பேசத் தெரிந்த சாமியார் முன்னால் உட்காருவதென்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்காரவேண்டும். பசியோடு போனால் அவர் சொல்வதெல்லாம் நேரே உள்ளே இறங்கிவிடும். நான் அன்றைக்கு இரண்டு பசியோடு போனேன். ஒன்று, திருச்சானூரில் தாயார் தரிசனம் ஆகும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பசி. இன்னொன்று, என் வீட்டுக்காரரைக் கண்ணால் பார்க்காத பசி. (என் மருமகள் இதைக் கேட்டால் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்?)

அவருக்கு மதராஸில் மில் வேலை. நான் நகரியில், மாமியாரோடும் இரண்டு தறிகளோடும். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லோரும் மல்லுக்கு நின்ற காலம் அது. திருத்தணியில் ரயிலை மறிப்பார்கள், அன்றைக்கு ரயில் கிடையாது. புத்தூரில் மறிப்பார்கள், அன்றைக்கும் கிடையாது. அவருக்கு லீவு கிடைத்தால் ரயில் இல்லை, ரயில் ஓடினால் லீவு இல்லை. கல்யாணமான புதுசு. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவர் கார்த்திகை பிறந்தும் வரவில்லை. பெரிய மனுஷர்கள் கோடு போடட்டும், யார் வேண்டாமென்றது? அந்தக் கோட்டை என் பாய்க்கு நடுவிலா போடவேண்டும்?

தாயார் உற்சவத்துக்கு மாமியார்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் பெரிய பந்தல். உள்ளே ஒரு சுவாமிகள் உபன்யாசம் செய்துகொண்டிருந்தார். தெலுங்கில் ஆரம்பிப்பார், தமிழில் முடிப்பார், நடுவில் எங்கே மாறினார் என்று யாருக்கும் தெரியாது. குரல் என்றால் அப்படி ஒரு குரல். மலைமேலே பெருமாள், மலைக்குக் கீழே தாயார், பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் தனித்தனி என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. என் கதையை இவருக்கு யார் சொன்னார்கள் என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் சொன்னார்: “எது உனக்கு உசுருக்கு மேல இஷ்டமோ, எது இல்லேன்னா சோறு எறங்காதோ, அத இன்னிக்கே பெருமாள் காலடியில வச்சுடு. அவன் பாத்துக்குவான். ஆனா ஒண்ணு, வச்சத திரும்பக் கேக்காதே!”

ஆளுக்கு ஒரு துளசி கொடுத்தார்கள். தட்டு வரும்போது, விடப்போவதை வாய்விட்டுச் சொல்லித் துளசியைப் போடவேண்டும். ஒருவர் மூக்குப்பொடி என்று சொல்லி டப்பாவையே தூக்கி எறிந்தார். (கொஞ்ச நேரம் கழித்துப் பந்தலுக்குப் பின்னால் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.) தட்டு என் மாமியாரிடம் வந்தது.

“பாகக்கா!” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. பாகற்காயை இவர் என்றைக்குத் தின்றார்? வீட்டுக்குள்ளேயே விடமாட்டாரே! பெருமாளையா ஏமாற்றுவது? எங்கள் நைனா வீட்டில் ஒருவருக்குக் கொடுப்பதென்றால் நல்லதைத்தான் கொடுப்போம், சொத்தையைக் கொடுத்துப் பழக்கமில்லை. எழுந்து நின்றேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாதே, அதனால் இப்படிச் சொன்னேன்:

“சாமி, எங்க அத்தையோட ஒரே புள்ளய குடுத்துட்டேன்!”

துளசி தட்டில் விழுந்தது.

“அடிப்பாவி!” என்று மாமியார் எழுந்தார். “என் புள்ளய குடுக்க நீ யாருடி?”

“சாமி, ஆளு மலைக்கு நடந்து வருவாரா, வண்டி அனுப்பணுமா?” என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. சுவாமிகள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பக் கேட்கக்கூடாது என்று அவரே அல்லவா சொல்லிவிட்டார்? அவசரமாக மங்களம் பாடி முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று பார்த்தால், அவர்! ரயில் ஓடி, லீவும் கிடைத்து, ஒரு கையில் பெட்டி, மறு கையில் பூப்பொட்டலம். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். நடுவில் மாமியார் வந்து நின்றார்.

“தொடாத! அது பெருமாளோட பொருளு.”

“இன்னாம்மா சொல்ற?” என்றார் அவர். “நான் இன்னா தேங்காயா, கோயில்ல வுட்டுட்டு வர்றதுக்கு?”

“உன் பொண்டாட்டிய கேளு. ஊரு பாக்க துளசி போட்டுட்டு வந்துக்கிறா.”

அவர் என்னைப் பார்த்தார். “நெஜமாவா? என்னியா குடுத்த?”

“ரொம்ப இஷ்டமானதத்தான் குடுக்கச் சொன்னாங்க” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் காது இரண்டும் சிவந்துபோயின. அதற்கப்புறம் அவரால் கோபப்பட முடியவில்லை.

கோபம் இல்லாமல் என்ன பயன்? அவர் தறி ரூமில், நான் அடுப்பங்கரையில், நடுவாசலில் மாமியார். அவருக்குச் சாப்பாடு போடக்கூட என்னை விடவில்லை. பிரசாதத்தைத் தொடுவதுபோல மாமியாரே கை கழுவிவிட்டு வந்து பரிமாறினார். தறிக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவார், இந்தப் பக்கம் நான் குண்டானைத் தட்டுவேன். வருஷம் முழுக்கக் காத்திருந்து கிடைத்த லீவு இருமலிலும் குண்டானிலுமே கரைந்துகொண்டிருந்தது. மறுபடி ரயிலை மறித்தால் இனி என்றைக்கு வருவாரோ?

லீவு முடிய ஒருநாள் இருக்கும்போது மாமியாருக்கே மனசு கேட்கவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொள்ள அவருக்கும் தைரியம் வரவில்லையே! எங்கள் பக்கத்தில் தோஷமுள்ள குழந்தையைச் சாமிக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். கேட்டு வாங்கினால்தானே தப்பு, விலைக்கு வாங்கினால் தப்பில்லை என்று மாமியார் கண்டுபிடித்தார். உள்ளூர்ப் பெருமாள் கோவில் பட்டரும் சரியென்றார்.

விஷயம் தெரிந்து தெருவே கோவிலுக்கு வந்துவிட்டது. குழந்தை உட்காருமிடத்தில், முழங்கால் மோவாயில் இடிக்க, மீசையோடு இவர் குந்தியிருந்தார்.

“யாரு வாங்கறா?” என்றார் பட்டர்.

நான் முறத்தை நீட்டினேன். பக்கத்தில் இன்னொரு முறம் நீண்டது. மாமியார்! முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்திருக்கிறார்.

“பெத்தவ நானு.”

“குடுத்தவ நானு, அத்தே.”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து, பாதி மாமியாருக்கு, பாதி எனக்கு என்று கத்தியது. எல்லைத் தகராறு கோவிலுக்குள்ளேயே வந்துவிட்டது.

அப்போது எனக்குள் அந்தச் சுவாமிகளின் குரல் புகுந்துகொண்டது என்றுதான் சொல்லவேண்டும். “கீழ தனியா இருக்கிற கஷ்டம் தாயாருக்குத் தெரியும், அத்தே” என்றேன். “அவங்களுக்காவது பெருமாள் மலைமேலதான் கீறாருன்னு தெரியும். எனக்கு இவரு எந்த ஸ்டேஷன்ல நின்னுக்கினு கீறாருன்னுகூடத் தெரியல. நீங்க குடுத்த பாகக்கா உங்களுக்கே திரும்ப வரட்டும். நான் குடுத்தது எனக்கு வேணும்.”

மாமியாரின் முறம் மெல்ல இறங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்கிக்க. வாங்கிக்கினு நீயும் அவங்கூடவே மதராசுக்குப் போ. உன்ன இங்க வுட்டு வச்சா நாளைக்கு அவன வேற யாருக்குனா குடுத்துடுவ!”

சந்தோஷத்தில் முறத்தோடு அவரிடம் ஓடினேன், தவிடு முழுவதும் அவர் தலையில் கொட்டிவிட்டது. மீசையெல்லாம் தவிடாக, சந்நிதியே அதிரும்படி அவர் தும்மினார்.

மதராஸில் ஒரே அறை வீடு. நான் எதற்காவது குரலை உயர்த்தினால், “வெல குடுத்து வாங்கினவ, நீ எது சொன்னாலும் சரி” என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளைகளுக்கெல்லாம் அது கேலி. பேரன் பேத்திகளுக்கு அவர் தவிட்டுத் தாத்தா.

அவரைப் பெருமாள் திரும்ப எடுத்துக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன. இந்தத் தடவை நான் துளசி எதுவும் போடவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். இப்போது நகரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். சாயங்கால ரயில் போகிற சத்தம் கேட்டால் நான் பேச்சை நிறுத்திவிடுவேனாம், மருமகள் சொல்கிறாள். புத்தூர்ப் பெண், தெலுங்கும் தமிழுமாகக் கலந்து பேசுவாள்.

“ஏமி அத்தம்மா, மாமா நெனப்பா? ரைஸ் மில்லுல சொல்லி ஒரு மூட்டை தவிடு மலைக்கு அனுப்பட்டுமா?”

“மூட்டையா? ஒரு முறத்துக்குக் குடுத்தவருடி பெருமாளு. நீ வெலய ஏத்தி வுட்டுடாத.”