‘சொல்ல முடியாது’ அண்ணனின் பால் வாளி

மலேசியாவின் ஈப்போ நகரத்தில் அந்தக் காலத்தில் எதையுமே உறுதியாகச் சொல்லாத ஒரே மனிதர் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளர்தான். “சாப்பிட்டாச்சா அண்ணே?” என்று கேட்டால்கூட வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “சொல்ல முடியாதுலா” என்பார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எங்களுக்கு அவர் ‘சொல்ல முடியாது’ அண்ணன்.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடிகாலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்குப் பால் வெட்டும் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அப்பாவோடு வானத்தைப் பார்த்து நின்றே வளர்ந்தவர் வேறென்ன சொல்வார்? இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் கல்லூரிக் கலைவிழாவுக்கு ‘நிச்சயமின்மை’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். இன்றைய விஞ்ஞானத்திலும் சரி, இசையிலும் சரி, அடுத்து என்ன வருமென்று தெரியாதாம். அதை மேடையில் காட்ட வேண்டுமாம். நான் தமிழ்ச் சங்கச் செயலாளர். முந்தின வருஷம் எங்கள் நாடகத்தில் திரை கழன்று ராஜா தலையில் விழுந்ததிலிருந்து துணை முதல்வருக்கு எங்கள்மேல் கடுப்பு. “இந்தத் தடவையும் சொதப்பினால் இனி உங்களுக்கு மேடையே கிடையாது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சி தயாரித்தோம். கதிர்வீச்சு பட்டால் ‘டிக்’ என்று சத்தம் போடும் பெட்டி ஒன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அடுத்த ‘டிக்’ எப்போது வருமென்று எந்த விஞ்ஞானிக்கும் தெரியாது. அது வரும்போதெல்லாம் தாளத்தை மாற்றி வாசிக்க, புந்தோங் கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் மணி ஒப்புக்கொண்டான். பெட்டிக்கு அண்ணன் பொறுப்பு.

“பெட்டி நல்லா ஓடுமா அண்ணே?”

“சொல்ல முடியாது தங்கச்சி.”

மண்டபத்துத் தகரக் கூரை சரியாக மேடையில் ஒழுகும். “மழையாச்சும் வராம இருக்குமா?”

“அதயும் சொல்ல முடியாதுலா.”

“எதத்தாண்ணே உங்களால சொல்ல முடியும்?”

நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

சாயங்காலம் திரை விலகியது. மணி மிருதங்கத்தில் கையை வைத்துக் காத்திருந்தான். பெட்டி மூச்சு விடவில்லை. முன்வரிசையில் துணை முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேடை ஓரத்துக்கு ஓடினேன்.

“என்னண்ணே ஆச்சு?”

“பேட்டரி செத்துப்போச்சு தங்கச்சி.”

“எப்படி?”

“ஓடுமோ ஓடாதோன்னு காலையிலேருந்து போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்லாத்தான் ஓடிச்சு.”

கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது. கூடவே அழுகையும் வந்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது.

மேடை மூலையில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். மழை வருமா வராதா என்று தெரியாததால் அண்ணன் மத்தியானமே தன் அப்பாவின் பழைய ரப்பர்ப் பால் வாளியைக் கொண்டுவந்து ஒழுகும் இடத்தில் வைத்திருந்தார். மறுபடி ‘டொக்’. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்தடுத்து மூன்று. அண்ணன் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டிக்கு முன்னால் இருந்த மைக்கைத் தூக்கிக்கொண்டுபோய் வாளியருகே வைத்தார்.

மணி கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டான். அவன் காத்திருந்தால் சொட்டு வராது. அவன் அசந்தால் நாலு சேர்ந்து விழும். வியர்த்து வழிய அவன் துரத்தத் துரத்த, மண்டபமே அடுத்த சொட்டுக்காக வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது. கடைசியில் கைதட்டல் மழைச் சத்தத்தையே அமுக்கிவிட்டது. துணை முதல்வர் மேடையேறி வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “அடுத்த வருஷமும் நீங்கள் உண்டு. வாளியையும் கொண்டுவாருங்கள்” என்றார்.

எல்லாரும் போன பிறகு அண்ணன் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார். “மழயால நமக்கு ஒரு நல்லது நடந்தத இன்னிக்குத்தான் பாக்குறேன் தங்கச்சி” என்றார்.

“அடுத்த வருஷமும் எங்ககூட இருப்பீங்கள்ல அண்ணே?”

“இருப்பேன்லா.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு, யார் பேசியது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் அதுவரை சொன்ன அத்தனை ‘சொல்ல முடியாது’களையும் நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.