‘அது வரட்டும்’ அட்டா பாடு

உலகத்தில் ‘அது வரட்டும்’ என்றொரு மனித இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிளகாய்த் துவையல் வரட்டும் என்று ஆறிப்போன கெங்கி என்ற சோள உருண்டையின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பார். பெயர்சூட்டு விழாவில் பெரிய மாமா வரட்டும் என்று குழந்தையைப் பெயரில்லாமலே அழவிடுவார். மழை வரட்டும் என்று குடையே வாங்கமாட்டார். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கொள்கை, ஐயா, கொள்கை! எல்லாம் வந்துசேராமல் எதையும் தொடங்கக் கூடாது. இப்பேர்ப்பட்டவர் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும்?

கானா நாட்டுக் குமாசியில் போக்குவாவைக் கேளுங்கள், சொல்வாள். அவளுடையது இறுதிச் சடங்கு மலர், அதாவது இறந்தவர் படம் போட்ட நினைவுப் புத்தகம், அச்சடிக்கும் கடை. கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர் நம் அட்டா பாடு. அச்சடிக்க வேண்டிய மலர்கள் எல்லாம் பின்னறைச் சர்வர் என்ற கிடங்குக் கம்ப்யூட்டரில் இருந்தன. முன்மேசைக் கம்ப்யூட்டர் எழும்போதே அந்தக் கிடங்கைக் கம்பி வழியே தன்னோடு இணைத்துக்கொள்ளும்படி அவர் எழுதிவைத்திருந்தார். கிடங்கு கிடைக்காவிட்டால்? கிடைக்கும்வரை காத்திருக்கும். பூ ஓரப் படங்கள் முன்மேசையில் இருந்ததால், சர்வரும் எழும்போதே அவற்றை இணைத்துக்கொள்ள ஒரு வரி எழுதினார். அவை கிடைக்காவிட்டால்? அதுவும் காத்திருக்கும். பேட்டரி சர்வரைத் தாங்கியவரை, மின்சாரம் எத்தனை தடவை போனாலும் இந்தக் கூத்து வெளியே தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பேட்டரி செத்தது. மதியம் போன மின்சாரம் மூன்று மணிக்கு வந்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தன. முன்மேசைத் திரையில் ‘காத்திருக்கிறேன்’. பின்னறைத் திரையிலும் ‘காத்திருக்கிறேன்’. அம்மாவின் மலரை வாங்கிப்போகத் துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்திருந்த டுவா என்பவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மேடம், நாளைக்குக் காலையில எங்கம்மாவை அடக்கம் பண்றோம். இன்னிக்கு அஞ்சு மணிக்கே ஊருக்கு வேன் கிளம்பிடும். அம்மா மூஞ்சி இல்லாம ஊருக்குள்ள எப்படிப் போவேன்?”

போக்குவா பின்னறைப் பக்கம் திரும்பினாள். “பாடு! என்னய்யா இது?”

“சர்வர் வரட்டும் மேடம்.”

“சர்வர் எதுக்குக் காத்திருக்கு?”

“முன்மேசை வரட்டும்னு.”

“முன்மேசை?”

“அதான் சொன்னேனே, சர்வர் வரட்டும்னு.”

“இந்த வேடிக்கையை நீதானே கட்டிவெச்சே? பிரிச்சுவிடு!”

“அக்ராவுல என் நண்பனுக்கு மிஸ்டு கால் குடுத்திருக்கேன். அவன் கூப்பிடட்டும்.”

போக்குவா போனைப் பிடுங்கி அக்ராவுக்குப் பேசினாள். நண்பர் சொன்னார்: “அவர் திரும்பக் கூப்பிடுவார்னு நானும் மிஸ்டு கால் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன், ஆன்ட்டி.”

இதற்கு மேல் பொறுமை ஏது? நாற்காலியை இழுத்துப்போட்டு அட்டா பாடுவை அதில் அமுக்கினாள். “கிடைச்சாச் சேர்த்துக்கோ, கிடைக்கலைன்னா விட்டுட்டு மேல போன்னு எழுத முடியுமா, முடியாதா?”

“முடியும் மேடம். ஒரே ஒரு சொல்தான். ஆனா பாதி கதவு திறந்த கடை ஒரு கடையா?”

“முழுக்க மூடின கடையை விட மேல். எழுது!”

எழுதினார். முன்மேசை சர்வர் இல்லாமலே எழுந்தது; அது எழுந்ததும் பூ ஓரங்கள் கிடைத்துச் சர்வரும் எழுந்தது; பிறகு கிடங்கை இணைத்து மலரை அச்சடித்தார்கள். நாலேமுக்காலுக்கு இருநூறு அம்மாக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டுவா வேனுக்கு ஓடினார். போக்குவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட்டா பாடு மட்டும், புது பேட்டரி வரட்டும், இந்தச் சொல்லை அழித்துவிடலாம் என்று முணுமுணுத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வருஷம் ஏதோ ஒரு பேச்சில் கோபித்துக்கொண்டு போன உங்கள் தம்பி முதலில் கூப்பிடட்டும் என்று போனை அடிக்கடி பார்த்துக்கொள்கிறீர்களே, அவருடைய வீட்டிலும் ஒரு போன் அப்படித்தான் கிடக்கிறது.