பதினான்கு கொம்பியூட்டரும் உச்சிமுனியும்

கண்டி நகரமே திரண்டது என்றால் பொய். பாதி திரண்டது. சந்தைக்காரர்கள், திரீவீல்காரர்கள், வேலையில்லாதவர்கள், வேலையிருந்தும் வந்தவர்கள் என்று எங்கள் காப்புறுதிக் கம்பனியின் மாடிப்படி தாங்கவில்லை. குண்டசாலைச் சாமி கொம்பியூட்டருக்குப் பேயோட்டுகிறாராம்!

விஷயம் இதுதான். தினமும் பகல் சரியாகப் பன்னிரண்டுக்கு எங்கள் பதினான்கு கொம்பியூட்டரும் சேர்ந்தாற்போல் திணறும். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். உச்சிவேளை முனி உலாவும் நேரமல்லவா? மேனேஜர் நவரட்ணராஜா, பட்டதாரி, உடனே சாமிக்கு ஆளனுப்பிவிட்டார்.

சாமி மெஷினுக்கு ஒரு சேவல் வீதம் பதினான்கு கேட்டார்.

"பிரின்டருக்கு?" என்றார் மேனேஜர்.

"அதுக்கு முட்டை போதும்."

என்ன கருணை!

பிறகு கண்ணை மூடிக் குலுங்கினார். "முனி தேத்தண்ணித் தட்டோடதான் உள்ள வருது. கொண்டு வாறவள நிப்பாட்டுங்க. நாளைக்கு உச்சியில முனியக் கட்டுறேன்."

பன்னிரண்டு மணிக்குத் தேத்தண்ணி கொண்டு வருபவள், மஹய்யாவப் பக்கமிருந்து வேலைக்கு வரும் அங்கம்மா. பதினொரு வருட வேலை. "நான் என்னாங்க செஞ்சேன்? தேத்தண்ணிதானே கொண்டாந்தேன்?" என்றாள். அதற்குள் வந்திறங்கிய சேவல்களை எல்லாரும் எண்ணத் தொடங்கினார்கள். அநியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

புதிதாகச் சேர்ந்த கிளார்க் சகீனா மட்டும் முன்னே வந்தாள். "சேர், இது வைரஸ் தேடுற ஸ்கேன். கொழும்பால மெஷின் பாக்க வந்தவர் எல்லா மெஷினுக்கும் ஒரே நேரம் வச்சிட்டுப் போயிட்டார், பன்னிரண்டு மணின்னு."

"பிள்ளை, நீர் சும்மா இரும். உமக்கு விளங்காது," என்றார் மேனேஜர்.

யுத்த காலம். வீதித் தடையில் எங்கள் சோற்றுப் பெட்டியையே திறந்து பார்த்தார்கள். அடையாள அட்டையை மூன்று தடவை திருப்பினார்கள். எல்லாரையும் சந்தேகப்பட்ட அந்த ஊரில் சாமியை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் காலை சகீனா பிரதான கொம்பியூட்டரில் எதையோ தட்டினாள். பிறகு ஒட்டிய கடித உறை ஒன்றை மேனேஜரிடம் கொடுத்தாள். "ரெண்டரைக்குத் திறங்க சேர்."

அங்கம்மாவைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். பன்னிரண்டு அடித்தது. மெஷின்கள் பறந்தன!

"கட்டிட்டேன்!" என்று சாமி துள்ளினார். கூட்டம் கைதட்டியது. மாலைப் பலிக்குக் காத்திருந்த சேவல்கள் கூவின. சாமி விருந்துண்டு, ஏப்பம் விட்டு, கதிரையில் சாய்ந்தார்.

இரண்டரைக்கு மேனேஜர் அங்கம்மாவின் வேலைநீக்கக் கடிதத்தைத் தட்ட உட்கார்ந்தார். 'அங்' வந்தது. மிச்சம் வரவில்லை. பதினான்கும் திணறின. அங்கம்மாவோ இன்னும் கேற்றுக்கு வெளியேதான் நின்றாள்.

மேனேஜர் உறையைக் கிழித்தார். 'இரண்டரைக்கு முனி வரும். நான்தான் வரச் சொன்னேன். சகீனா.'

"ஸ்கேன் நேரத்த ரெண்டரைக்கு மாத்தி வச்சேன், அவ்வளவுதான்," என்றாள் சகீனா. "நாளைக்கு வேறொரு நேரம் வைக்கப்போறேன். எத்தனை மணிக்குன்னு சாமி சொல்லட்டும் பார்ப்பம்."

சாமி கூரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். படியைப் பார்த்தார். அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை. பதினான்கு சேவல்களும் உயிர் தப்பின. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது.

மேனேஜர் கடிதத்தைக் கிழித்துப்போட்டு அங்கம்மாவை உள்ளே கூப்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமினார். "அப்ப பிள்ளை, இந்த ஸ்கேனை இனி எந்த நல்ல நேரத்தில வைப்பம்? பஞ்சாங்கத்தை ஒருக்காப் பாப்பமோ?"

அங்கம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"ராகு காலத்துலயே வைங்க சேர். இந்த ஆபீஸ்ல மெஷினாவது பயப்படாம யோசிக்கட்டும்."