கம்பவுண்டரின் கல்லடைப்பு

சென்னை மாநகரத்தில் ஒருவருக்கும் ஒரு பொருளையும் கைமாற்றாகக் கொடுக்காமல் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டர்தான். நான் பணத்தைச் சொல்லவில்லை. பணம் கொடுக்காதவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். கம்பவுண்டர் குடை தரமாட்டார், பேனா தரமாட்டார், தீப்பெட்டி தரமாட்டார், படித்து முடித்த தினசரியைக்கூடத் தரமாட்டார். மணி என்ன என்று கேட்டால், கைக்கடிகாரம் மறையும்படி சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "செவுத்துல கெடியாரம் கீது பாரு" என்பார்.

ஒருமுறை எதிர்வீட்டில் சாவு. துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார இடம் போதவில்லை. கம்பவுண்டரிடம் மடக்கு நாற்காலி இருப்பது தெருவுக்கே தெரியும், கேட்டார்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார், பந்தலில் விரித்தார், தானே உட்கார்ந்தார். பிணம் எடுக்கும்வரை அசையவில்லை. பிறகு மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நாற்காலி கேட்டாங்கோ, இட்டாந்தேன். அவங்கள குந்தச் சொல்றேன்னு சொன்னேனா டீச்சர்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

மந்தைவெளியில் ஒரு வயதான டாக்டரின் கிளினிக். கீழே மூன்று அறைகள்: டாக்டருக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, எக்ஸ்ரே எடுக்க ஒன்று. மாடியில் நான் குடியிருந்தேன். பக்கத்துத் தெருப் பள்ளியில் வேலை என்பதால் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில் கிளினிக் மூடியிருக்கும். டாக்டர் சாப்பிடப் போயிருப்பார். கம்பவுண்டர் மட்டும் பெஞ்சில் இருப்பார். மருந்து விஷயத்தில் மட்டும் அவர் தாராளம். ஏனென்றால் மருந்து டாக்டருடையது.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்தவரை நாங்கள் எக்ஸ்ரே என்றே கூப்பிட்டோம். சாந்தோம்காரர். மாதா கோயிலுக்குப் பின்னால் கடலோரச் சந்தில் தங்கையுடன் குடியிருந்தார். "மூச்ச இழு... புடி... விடு!" என்று அவர் போடும் சத்தம் மாடிவரை கேட்கும்.

இந்த இருவரும் ஒரு காலத்தில் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். கம்பவுண்டர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கைமாற்றுக் கொடுத்தார் என்றால் அது அந்தக் கேரியர்தான். எக்ஸ்ரேயின் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோகக் கொடுத்தார். அம்மா பிழைக்கவில்லை. கேரியர் திரும்பி வந்தது, வேறு யாருடையதோ மூடியுடன்.

"ஆஸ்பத்திரில மாறிடுச்சி மச்சி" என்றார் எக்ஸ்ரே.

"மூடி மாறல. நீதான் மாறிட்ட" என்றார் கம்பவுண்டர்.

பெற்றவளைப் புதைத்த ஈரம் காயுமுன்னே மூடியைக் கேட்டவன் என்று எக்ஸ்ரே தெரு முழுக்கச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. எத்தனையோ வருடங்கள். இத்தனைக்கும் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். காய்ச்சலோடு வருகிறவர்கள் தூது போவார்கள். "அங்க சொல்லுப்பா, மார்புப் படம் ஒண்ணு வோணுமாம்" என்று கம்பவுண்டர் சொல்வார். நோயாளி நாலு அடி நடந்து அதையே சொல்வார். "பிலிம் இல்லன்னு அங்க சொல்லுப்பா" என்று பதில் வரும். நோயாளி இருமிக்கொண்டே திரும்புவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் டாக்டரின் பேரக் குழந்தைகள் இருவர் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தார்கள். திரும்பும்போது, அங்கே புதுசு வந்துவிட்டதென்று, கையில் வைத்து விளையாடும் இரண்டு பழைய வீடியோ கேம் பெட்டிகளை விட்டுப்போனார்கள். டாக்டர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, "வீட்டுல பசங்களுக்குக் குடுங்கப்பா" என்றார். இருவருக்குமே பசங்கள் கிடையாது. எக்ஸ்ரேயின் பங்கோடு ஒரு குட்டை ஒயரும் வந்தது. அது எதற்கென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

சலவை சோப்பு அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே பூதம் பிடிக்கிற ஆட்டம். புல்லுக்குள் நடந்தால் பூதம் எதிர்ப்படும். அதைக் களைக்க வைத்துப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களின் பூதங்களோடு மோதவிட வேண்டும். நீருக்கு முன் நெருப்பு நிற்காது. புல்லுக்கு முன் நீர் நிற்காது. நெருப்புக்கு முன் புல் நிற்காது. பிடித்த பூதத்துக்குப் பெயரும் வைக்கலாம். கம்பவுண்டருக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் நோய்களின் பெயர்கள். நெருப்புப் பூதம் காய்ச்சல் ஆனது. தண்ணீர்ப் பூதம் பேதி. கற்பாறை போன்ற ஒன்றுக்குக் கல்லடைப்பு என்று பெயர் வைத்தார்.

மதியம் மாடிப்படி ஏறப்போகும் என்னை நிறுத்தி, "காச்சலுக்கு இன்னிக்கு சோர்வு டீச்சர். பேதி ஜோராக் கீது" என்பார். டாக்டர் திரும்பி வரட்டும் என்று பெஞ்சில் காத்திருந்த ஒரு அம்மாள் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வேறு டாக்டரிடம் போனதும் உண்டு.

ஆட்டத்தின் நிறைகுறைகளை அவர் அளந்து வைத்திருந்தார்.

"பெரிய ப்ளஸ் இன்னா தெரியுமா? ஒண்ணும் சாவறதில்ல டீச்சர். அடிபட்டா மயக்கந்தான். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா டிங் டிங்னு ஒரு பாட்டு. எழுந்து நிக்குது! டோக்கன் கெடையாது, பில்லு கெடையாது, பாடிய எடுத்துனு போன்னு எவனும் சொல்ல மாட்டான்."

"குறை?"

"கம்பவுண்டர் சரியில்ல. நெருப்புக்கும் அதே மருந்து, தண்ணிக்கும் அதே மருந்து. வெயிட்டு பாக்கல, வயசு கேக்கல. சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கூட சொல்லல. நம்ம டாக்டரா இருந்தா அன்னிக்கே வேலய வுட்டுத் தூக்கிடுவாரு."

அவர் பூதங்களிலேயே அவருக்கு உயிர் கல்லடைப்புதான். நெருப்பை எதிர்த்து அசையாமல் நிற்கும். தண்ணீர் பட்டால் மட்டும் படுத்துவிடும். காட்டிலும் மேட்டிலும் அதை இழுத்துக்கொண்டு அலைந்து வளர்த்தார். ஒரு கட்டத்துக்கு மேல் அது வளரவில்லை. பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவர், ஒரு மதியம் முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னொருத்தன் பெட்டிக்கு ஒயரு வழியா குடுத்தாத்தான் முழுசா வளருமாம். கைமாத்து குடுக்கணுமாம் டீச்சர்! இத்த வுட மைனஸ் வேற இன்னா வோணும்? எவன் யோசிச்சான் இத்த?"

மந்தைவெளியிலிருந்து சாந்தோம்வரை தேடினாலும் இன்னொரு பெட்டி பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. கம்பவுண்டர் புத்தகத்தை மூடிவிட்டார். கல்லடைப்பு வளராமலே இருந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் எக்ஸ்ரே இருமிக்கொண்டிருந்தார். ஒரு மதியம், டாக்டரிடம் சொல்வதற்கு முன் தானே பார்த்துவிடலாம் என்று தன் மார்பைத் தானே படமெடுக்க நின்றார். பொத்தானை அழுத்த ஆள் வேண்டும். என்னைப் பார்த்து, "அங்க சொல்லுங்க டீச்சர், சுவிட்ச அமுக்கணுமாம்" என்றார். கம்பவுண்டர் எழுந்து உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். "மூச்ச இழு. புடி" என்று கம்பவுண்டர் குரல் கேட்டது. பிறகு இயந்திரத்தின் சத்தம். கம்பவுண்டர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரம் உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. பிறகு எக்ஸ்ரே முகம் நீலம் பாரிக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"விடுன்னு எவன் சொல்வான்? உங்கொப்பனா?"

"சுவிட்ச அமுக்கத்தான் கூப்டாங்கோ. அதுக்கே ரெண்டு வார்த்த பேசினேன் டீச்சர்" என்றார் கம்பவுண்டர் என்னிடம்.

நான் சிரித்துவிட்டேன். எக்ஸ்ரே தன் அறையின் இருட்டுத் தடுப்புக்குள் படத்தைக் கழுவி, ஈரத்தோடு எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஊரில் பாதிப் பேருடைய மார்பைப் பார்த்தவர் அவர். தன்னுடையதை வெகுநேரம் பார்த்தார்.

"படம் புடிச்சுப் புடிச்சு, நானே செவுத்துல படமாத் தொங்கப் போறேன் டீச்சர்."

கம்பவுண்டர் தலை நிமிரவில்லை. குனிந்து ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கையிலிருந்த பெட்டி அணைந்திருந்தது.

எக்ஸ்ரே படுக்கையில் விழுந்தார். டாக்டர் எழுதிய மருந்தைக் கம்பவுண்டர் கட்டிக் கொடுப்பார். நான் பள்ளி விட்டதும் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் எக்ஸ்ரே சொன்னார்: "அவங்கிட்ட கல்லடைப்பு கீதாமே? எங்கிட்ட ஒயரு கீது. இட்டுனு வரச் சொல்லுங்க டீச்சர். சீக்கிரம்."

வந்து சொன்னேன். கம்பவுண்டர் யோசித்தார்.

"குடுத்தா திருப்பித் தருவானா?"

"தருவார்."

"நடுவுல பூட்டான்னா?"

எனக்கு வந்த கோபத்தில், "அப்படியென்றால் இன்றைக்கே போங்கள்" என்று கத்திவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீங்களும் வாங்கோ. கைமாத்துக்கு சாட்சி வோணும்" என்றார்.

சாந்தோம் சந்தில் எக்ஸ்ரேயின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். கம்பவுண்டர் ஸ்டூலை வாசற்படியிலேயே போட்டு உட்கார்ந்தார். ஒயர் எட்டவில்லை. ஸ்டூலை நகர்த்தினார். இன்னும் எட்டவில்லை. முழங்காலும் முழங்காலும் இடிக்கும்வரை நகர வேண்டியிருந்தது. பூதம் வளர்வதோ எக்ஸ்ரேயின் பெட்டியில்தான் தெரியும். அதைப் பார்க்கக் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்தார். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன. கற்பாறை ஆடியது, மின்னியது, மலைபோல எழுந்து நின்றது.

"வளந்துட்டாண்டா!" என்று கத்தினார் கம்பவுண்டர். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் 'டா'.

பதிலுக்கு எக்ஸ்ரே அனுப்பியது ஒரு நத்தை. ஓட்டுக்குள் உடம்பை இழுத்துக்கொள்வதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. கம்பவுண்டர் அதன் பெயரைப் படித்தார்.

"இன்னாடா இது? கம்பவுண்டர்னு வச்சுக் கீற!"

"இங்கிலீஷ்ல பத்து எழுத்துக்கு மேல வுட மாட்டேங்குது நைனா. எண்ணிப் பாரு. உனுக்குன்னே செஞ்சா மாதிரி கரீட்டா பத்து."

"சரி சரி. என்னுத குடு."

எக்ஸ்ரே பெட்டியைத் தலையணைக்குக் கீழே தள்ளினார். "இன்னிக்குக் கை நடுங்குது. நாளைக்கு வா."

மறுநாள் வெளிச்சம் போதவில்லை என்றார். அதற்கடுத்த நாள் ஊசி போட்ட வலி என்றார். இன்னொரு நாள், கல்லடைப்பு இப்போதுதான் தூங்குகிறது, எழுப்பக் கூடாது என்றார்.

"டபாய்க்கிறான் டீச்சர்! சாவப்போற நேரத்துல திருட்டுப் புத்திய பாரு" என்று கம்பவுண்டர் பெஞ்சில் குதித்தார். மறுநாள் மதியம் கிளினிக் கதவைச் சாத்தியதும் சாந்தோம் பக்கம் நடந்தார். அவர் வந்து சண்டை போட்டால்தான் தன் அண்ணனுக்கு நாலு வாய் இறங்குகிறது என்று எக்ஸ்ரேயின் தங்கை என்னிடம் சொன்னாள். "மொதல்ல இத்த குடி. அப்பால பேசிக்கலாம், திருட்டுப் பயலே" என்று திட்டிக்கொண்டே கஞ்சியை நீட்டுவாராம்.

ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். எக்ஸ்ரே போர்வைக்குள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. ஒயரைத் தங்கையைக் கொண்டு ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தார்.

"வா நைனா. ஒன் கல்லடைப்ப எடுத்துனு பூடு. இதுக்கு மேல கை நிக்காது."

கம்பவுண்டர் ஒயரைப் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"இன்னிக்கு டைம் இல்ல" என்றார்.

"இன்னா வேல உனுக்கு?"

"கிளினிக்ல கூட்டம்."

மதியத்தில் கிளினிக் மூடியிருக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

கம்பவுண்டர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தலையணைக்குக் கீழே வைத்தார். அதன்பின் ஒவ்வொரு நாளும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு நாளும் கம்பவுண்டர்தான் நாளைக்கு என்றார். கல்லடைப்பு அங்கேயே இருக்கும்வரை கணக்குத் தீரவில்லை என்று அர்த்தம். கணக்குத் தீராதவன் எப்படிப் போவான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரே ஒரு காலையில் போய்விட்டார். பாதிரியார் வருவதற்குக் காத்திருந்தோம். சவப்பெட்டியில் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தியிருந்தார்கள். மூடுவதற்குச் சற்று முன் தங்கை தலையணைக்குக் கீழிருந்த அந்தச் சாம்பல் நிற ஆட்டப் பெட்டியை எடுத்துவந்து கம்பவுண்டரிடம் நீட்டினாள்.

"உங்க பூதம் இதுலதான் இருக்காம். உங்ககிட்ட குடுத்துடணும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்துச்சிண்ணே."

கம்பவுண்டர் வாங்கினார். பின்பக்கத்தைத் திறந்து பழைய பேட்டரி செல்களை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பிரிக்காத புது செல் பாக்கெட்டை எடுத்துக் கிழித்து, ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார். ஒருமுறை போட்டுப் பார்த்து அணைத்தார். பிறகு குனிந்து, ஜெபமாலை சுற்றியிருந்த அந்தக் கைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார்.

நான் அருகில்தான் நின்றிருந்தேன். கம்பவுண்டர் எக்ஸ்ரேயின் காதோடு சொன்னது எனக்குக் கேட்டது.

"டேய், அங்க போயி எவனுக்கும் இத்த கைமாத்து குடுத்துடாதே."