முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் காப்பாற்றியவர்

நம்மிடையே நகரபிதாக்கள் என்றொரு வர்க்கம் தலையெடுத்திருக்கிறது. இவர்கள் தேர்தலில் நின்றவர்கள் அல்லர்; ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வந்தவர்களும் அல்லர். வேலையிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றிப் போட்டு, கணினியைத் தட்டியெழுப்பி, எங்கோ பனியில் விறைத்துக் கிடக்கும் ஓர் ஊருக்குக் கரி, கஞ்சி, கூரை, வைத்தியர் எல்லாம் தேடிக் கொடுத்து, அது அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே இவர்களுடைய தொழில். சம்பளம் தருகிற தொழில் வேறு. அது கிடக்கட்டும்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு மேயர் என்று பெயர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள், அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது பக்கத்தில் தெரியாத்தனமாக உட்கார்ந்துவிட்டால் போதும், தன் கணினி விளையாட்டுகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

"பனி ஆட்டத்துல கரிதான் உயிர். பாலைவன ஆட்டத்துல தண்ணி. ரெண்டுலயும் நாளைக்கு என்ன வேணும்னு இன்னிக்கே யோசிக்கணும். இந்தத் தீவு ஆட்டம் இருக்கே, சுத்த ஏமாத்து! மீன் தானா வருது, மழை தானா பெய்யுது. பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாம்?"

"ஜெயிச்சா என்ன சார் கிடைக்கும்?"

"ஜெயிக்கிறதா? ஒருத்தர்கூடச் சாகாம குளிர்காலத்தைத் தாண்டணும். அதைவிட வேற என்னய்யா வேணும்?"

கேட்டவர் கடிகாரத்தைப் பார்ப்பார். சோறும் ஆறிப் போயிருக்கும்.

இத்தனை பேரைக் கட்டிக் காக்கும் மேயரின் சொந்த வீட்டு மக்கள்தொகை மூன்று. அவர், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவி, மனைவியின் அப்பா. மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முழங்கால் தகராறு செய்ததால் நான்கு மாதமாக இவர்களோடு இருக்கிறார். கழிப்பறைக்குப் போகிற நடையில் பல்பு ஃபியூஸாகிப் பத்தொன்பது நாள் ஆகிறது. புதுப் பல்பை மனைவி வாங்கி, கணவர் கண்ணில் படவேண்டும் என்று கணினி மேஜையிலேயே வைத்திருந்தார். கண்ணில் படத்தான் செய்தது. மவுஸை நகர்த்த இடைஞ்சலாக இருக்கிறதென்று இரண்டு முறை தள்ளிக்கூட வைத்தார்.

அலட்சியக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய ஊரில் ஒரு தெருவிளக்கு அணையட்டும், பார்க்கலாம்! பதறிப்போவார். விளக்கு அணைந்தால் குடிமக்களின் நம்பிக்கை நான்கு புள்ளி குறையும் அல்லவா?

அந்தச் சனிக்கிழமை மனைவி டியூட்டிக்குக் கிளம்பும்போது சொன்னார்: "ஏங்க, அப்பா இருட்டுல சுவத்தைத் தடவிக்கிட்டுப் போறாரு. இன்னிக்காவது அதை மாட்டிடுங்க."

"மாட்டிடறேம்மா. இந்தப் புயல் ஓயட்டும்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குப் பனி ஆட்டத்தில் நெருக்கடி. கரி குறைகிறது, தானியம் இன்னும் ஆறு நாளைக்குத்தான். மேயர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தார். பிறகு போனில் சக நகரபிதா ஒருவரைக் கூப்பிட்டு, "வேற வழியில்லப்பா, வேலைக்கு ஆகாத கிழங்களுக்கெல்லாம் அரைக் கஞ்சின்னு போட்டுட்டேன்" என்று அறிவித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பின்னால் சோபாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனார் தாளை மடித்து வைத்தார். அது விளையாட்டு என்பது அவருக்கும் தெரியும். நான்கு மாதமாகப் பார்க்கிறாரே. மெல்ல எழுந்து வந்து மேஜையிலிருந்த பல்பை எடுத்துக்கொண்டு போனார். மவுஸுக்குத் தாராளமாக இடம் கிடைத்ததை மேயர் உடனே கவனித்து மகிழ்ந்தார்.

சற்று நேரத்தில் திரையில் ஓர் அறிவிப்பு: முதியவர் ஒருவர் உங்களைச் சந்திக்க விரும்புகிறார். கீழே இரண்டு பொத்தான்கள். 'கேட்கலாம்', 'பிறகு'. அதே சமயம் தூரத்தில் யாரோ ஈனஸ்வரத்தில் கூப்பிடுவதும் காதில் விழுந்தது. என்ன தத்ரூபமான ஒலியமைப்பு என்று வியந்தபடியே 'பிறகு' என்பதை அமுக்கினார்.

மனைவி நான்கு மணிக்குத் திரும்பினார். நடையில் விளக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே, பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல், கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். ஏறிவிட்டார். இறங்க முழங்கால் மடங்கவில்லை. நாற்பது நிமிடமாக அப்படியே நிற்கிறார்.

தாங்கிப் பிடித்து இறக்கிக் கூடத்துக்கு அழைத்து வந்த நேரத்தில்தான் மேயர் ஹெட்போனைக் கழற்றி உற்சாகமாகத் திரும்பினார்.

"குளிர்காலம் முடிஞ்சுது! முந்நூத்திப் பன்னெண்டு பேரு, ஒரு சாவு இல்ல!"

"நம்ம வீட்டுல இருக்கறது மூணே பேருங்க" என்றார் மனைவி. குரல் உடைந்துவிட்டது.

"அவரை ஏம்மா திட்டறே?" என்றார் மாமனார், முழங்காலை நீவிக்கொண்டே. "வேலைக்கு ஆகாதவனுக்கு அரைக் கஞ்சின்னாரு. நான்தான் பல்பு மாட்டிட்டேனே. இன்னிக்கு ராத்திரி எனக்கு முழுச் சாப்பாடு உண்டான்னு கேட்டுச் சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. மேயருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விளையாட்டில் என்றால் மூன்று மணிக்குத் திரும்பிப் போய் வேறு பொத்தானை அமுக்கலாம். இங்கே வெந்நீர் வைத்து, ஒத்தடம் கொடுக்கத்தான் முடிந்தது. கொடுத்தார்.

அடுத்த வாரம் கிழவர்களுக்கு முழுக் கஞ்சி போட்டு ஆடினார் என்றும், ஆறாம் நாளே ஊர் அழிந்துபோயிற்று என்றும் கேள்வி. அலுவலகத்தில் அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குக் கணினி விளையாட்டெல்லாம் தெரியாது, படிக்கிற பழக்கம் ஒன்றுதான் உண்டு என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இரண்டு நிமிடத்துக்கு முன் உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?