அத்தைக்கு ஓர் இல்லமும் ஏழு நடவு ஆட்களும்

எதைக் கண்டாலும் மதிப்பெண் போடுகிற வியாதி எனக்கு உண்டு. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்ததால் வந்த கோளாறு. கல்யாண வீட்டு சாம்பார், பக்கத்து வீட்டுக் கோலம், டாக்டரின் கையெழுத்து எதுவானாலும் மனசுக்குள் சிவப்பு மசி ஓட ஆரம்பித்துவிடும். இந்த வியாதி ஒரே ஒரு நாள், கணுக்காலுக்கு மேல் சேற்றில் விழுந்து அடங்கியது. அதைப் பற்றி இத்தனை நாள் வெளியில் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரித்துத் தீர்த்துவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில், நில உச்சவரம்பு, குத்தகைத் தகராறு, கோர்ட்டு, கேஸ் எல்லாம் போக மிச்சமிருந்த எட்டு ஏக்கரைத் தனியாளாக நின்று சாகுபடி செய்தவர். கூலித் தகராறு உச்சத்தில் இருந்த காலத்தில், தாலுகா ஆபீஸ் பேச்சுவார்த்தையில் மிராசுதார்கள் பக்கம் போய் உட்கார்ந்த ஒரே பெண்பிள்ளை. களத்தில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் போனவர்கள் மறுநாள் வந்து பார்த்தால், அந்தக் கொடி நிழலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். (ஒரு கொடிக்கு அவ்வளவு நிழல் ஏது என்று நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு அந்த வீட்டில் மருமகளாகக் காலம் தள்ள முடியாது.)

நிலத்தை விற்றுவிட்டு மன்னார்குடிக்கு எங்களோடு வந்து சில வருடங்களில் அத்தைக்கு மறதி வந்தது. டாக்டர் டிமென்ஷியா என்றார். முதலில் என் பெயர் போனது. "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு சொந்த மகனையே, "தம்பி, நீங்க யாரு வூட்டுப் புள்ளை?" என்று மரியாதையாக விசாரித்தார். மறக்காமல் நின்றது தண்ணீர் மட்டும்தான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொல்லக் கேட்டால் போதும், விடிந்ததும் மடை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அந்த வருடம் மேட்டூர் திறந்த பத்து நாளில் இரண்டு முறை வாய்க்காலில் இறங்கிவிட்டார். முதல் முறை முழங்கால் அளவு. இரண்டாம் முறை இடுப்பளவு. தூண்டில் போட வந்த ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வந்து வீட்டில் விட்டார். மூன்றாம் முறை எவ்வளவு இருக்கும் என்று கணக்கு டீச்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். எனக்குப் பள்ளிக்கூடம். துணைக்கு வைத்த பெண்ணை அத்தை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடிகளைக் காட்டி நாற்றுப் பறிக்கச் சொன்னார். அவளும் பயந்துபோய் எல்லாவற்றையும் பறித்து நாற்றுக் கட்டுகளைப்போல முடி கட்டி வைத்துவிட்டு மறுநாளிலிருந்து நின்றுவிட்டாள்.

முதியோர் இல்லம் பார்க்கலாம் என்று முடிவெடுத்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்தேன். கழிப்பறைக்குப் பதினைந்து, உணவுக்குப் பதினைந்து, பாதுகாப்புக்கு இருபது என்று மொத்தம் நூறு. அதில் 'அக்கம்பக்கம்' என்று ஒரு தலைப்பு, பத்து மதிப்பெண். கூட இருக்கப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்காம். எப்படிப்பட்டவர்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

முதல் இல்லம் தஞ்சாவூரில். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போனோம். லிஃப்ட், மீன் தொட்டி, சீருடை எல்லாம் உண்டு. அத்தை ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்து, "பந்தி எங்கம்மா?" என்று கேட்டார். பந்தி இல்லை என்று தெரிந்ததும், "சோறு போடாத கல்யாணம் நெலைக்குமா?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். இரண்டாவது, பட்டுக்கோட்டைப் பக்கம் அருமையான தோப்புக்குள். அங்கே காரைவிட்டு இறங்கவே இல்லை. "தென்னந்தோப்புல எனக்கென்ன வேலை? சேத்துல கால் வைக்காதவன் பண்ற விவசாயம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நெல் விளைவிப்பவர்களின் திமிர் மறதிக்கும் அசையாது.

மூன்றாவது இல்லத்துக்குக் கிளம்பிய சனிக்கிழமை அத்தை காரில் ஏறவே மறுத்தார். கோயில் என்று சொல்லிப் பார்த்தோம். ஆஸ்பத்திரி என்றோம். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி ஒன்பதாகிவிட்டது, டிரைவர் கொட்டாவி விடுகிறார். அப்போதுதான் என் வாழ்க்கையின் மிகப் புத்திசாலித்தனமான பொய்யை நான் சொன்னேன்.

"அத்தை, நாத்து முத்திப் போயிடும் போலிருக்கு. நடவுக்கு ஆள் பேசப் போறோம். நீங்க வந்தாத்தான் வருவாங்களாம்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சொல்லி, புடவையை உதறிச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். போகும் வழியில் வெற்றிலை பாக்கு வாங்கச் சொன்னார். வெறுங்கையோடு போய் ஆள் பேசக் கூடாதாம். வாங்கிக் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் பின்சீட்டில் என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் சரியா வருமா?" என்றார். "பேசாம வாங்க" என்றேன். எனக்கு நானே பத்துக்குப் பத்து போட்டிருந்தேன்.

அந்த இல்லத்தை நடத்தியவர் மும்தாஜ் அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். துபாயில் இருக்கும் மகன் கட்டிக்கொடுத்த வீட்டை இல்லமாக்கியிருந்தார். பணம் கட்டுகிறவர்கள் பாதி, யாருமில்லாதவர்கள் பாதி. கூடத்தில் அரசு கொடுத்த இலவச டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, ஒரே மாதிரி நீலப் புடவையில் ஏழு வயதான பெண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பலர் காலமெல்லாம் வயல் வேலை செய்தவர்கள் என்று அவர் சொன்னார். நான் 'அக்கம்பக்கம்' கட்டத்தில் நான்கு போட்டேன்.

அத்தையைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஆபீஸ் அறைக்குப் போனோம். பரீட்சை அட்டையில் பட்டியலைச் சொருகி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். மும்தாஜ் அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். பதினேழாவது கேள்வி, "கேட் எப்பவும் பூட்டியே இருக்குமா?"

"வாட்ச்மேன் இருக்காருங்க. அவரைத் தாண்டி யாரும் போக முடியாது" என்றார். இருபதுக்குப் பதினெட்டு எழுதினேன். மை காயவில்லை, சமையற்கார அம்மா ஓடி வந்தார்.

"அம்மா, கூடத்துல ஒருத்தருமில்ல!"

பிறகு ஒவ்வொருவரிடமாக விசாரித்துத்தான் தெரிந்தது. நீலப் புடவை வரிசையைப் பார்த்த அத்தை, வந்த காரியம் கூடிவிட்டது என்று முடிவு செய்துவிட்டார். ஆட்கள் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள், நேரம் போகிறது, டிவி பார்க்கிறார்கள்! ஒவ்வொருவருக்கும் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்து, "எந்திரிங்கடி, வெயிலுக்கு முன்னால ஒரு பாத்தி முடிக்கணும்" என்றாராம். வெற்றிலை வாங்கினால் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஏழு பேரும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வாட்ச்மேனிடம் அத்தை, "கேட்டத் தொற" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். அவர் சல்யூட் அடித்துத் திறந்துவிட்டார். யாரோ டிரஸ்டி அம்மா என்று நினைத்தாராம்.

வெளியே ஓடினோம். இல்லத்துக்கு அடுத்ததே வயல். உழுது பரம்படித்துச் சமப்படுத்தி, தண்ணீர் கட்டி, நாற்று முடிகளை அங்கங்கே வீசி வைத்திருந்தார்கள். ஆட்கள்தான் இல்லை. அந்த வயலின் வரப்பில் எட்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் இன்னும் இறங்கவில்லை. காரணம், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

ஆட்கள் பக்கம் பேசியவர் செல்லம்மா. ஒல்லியான உருவம், வலது கை லேசாக நடுங்கும்.

"வெளியூர் ஆளை எறக்கக் கூடாது" என்றார் செல்லம்மா.

"எறக்கல. அப்புறம்?" என்றார் அத்தை.

"ரெண்டு வேளை டீ. அஞ்சு மணிக்குக் கரையேறிடுவோம்."

"சரி, எறங்குடி."

செல்லம்மா இறங்கவில்லை. "டி போட்டுக் கூப்புட்டா ஒருத்தியும் கால் வைக்க மாட்டா. வாங்க போங்கன்னு கூப்புடுங்க" என்றார்.

நான் வரப்பின் இந்தக் கோடியிலேயே நின்றுவிட்டேன். தாலுகா ஆபீஸில் மூன்று நாள் உட்கார்ந்தும் அத்தை விட்டுக்கொடுக்காத விஷயம் இது என்று வீட்டில் சொல்வார்கள். கூலியைக்கூட ஏற்றிக் கொடுத்தாராம், மரியாதையை மட்டும் கொடுக்கவில்லையாம். அத்தை நாற்று முடிகளைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். செல்லம்மாவைப் பார்த்தார்.

"நாத்து வாடுது. எறங்குங்க" என்றார்.

ஏழு பேரும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்; மேற்பார்வைக்கு அத்தையும் கூடவே இறங்கினார். ஏழு பேரும் ஐந்தாறு நாற்றாகப் பிரித்து, குனிந்து, பின்னால் நகர்ந்து நட ஆரம்பித்தார்கள். வரிசை நேராக வந்தது. (நூறுக்கு நூறு. பழக்கதோஷம், மன்னிக்கவும்.)

நான்தான் உருப்படியாக நிற்கவில்லை. "அத்தை, வாங்க மேல, விழுந்துடப் போறீங்க!" என்று கத்திக்கொண்டு வரப்பில் ஓடினேன். விழுந்தது நான். புது காட்டன் புடவை, கையில் பரீட்சை அட்டை, முகம் குப்புற. எழுந்திருக்க முயன்று இன்னொரு முறை விழுந்தேன். ஒரு முழு நாற்று முடியை நசுக்கிவிட்டேன் என்று அத்தை என்னைத் திட்டினார். "சேத்துல நிக்கத் தெரியாதவளையெல்லாம் யாருடி கூட்டியாந்தது?" என்று கேட்டுவிட்டு, செல்லம்மா நிமிர்ந்து பார்த்ததும், "கூட்டியாந்ததுங்க?" என்று திருத்திக்கொண்டார்.

அதற்குள் வயலுக்குச் சொந்தக்காரர் மொபெட்டில் வந்துவிட்டார். வண்டியை நிறுத்தக்கூட மறந்து அப்படியே பார்த்தார்.

"யாருங்க இவங்கல்லாம்? நூறு நாள் வேலையா?"

என் வீட்டுக்காரர் கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் நட்டிருந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நாலு நாளா ஆள் கெடைக்காம அலையறேங்க. நாளைக்கும் வருவாங்களா?" என்றார்.

மும்தாஜ் அம்மா பதறவில்லை. டீ போட்டு வரப்புக்கே கொண்டு வரச் சொன்னார். டீ குடிக்க எல்லாரும் மேலே வந்தபோது பக்குவமாகப் பேசி, ஒவ்வொருவராகக் கைபிடித்து அழைத்துப் போனார். வரப்பில் அத்தை செல்லம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்ததை என் வீட்டுக்காரர் எனக்கு ஜாடை காட்டினார். என் கையில் இருந்த பட்டியலில் சேற்றைத் தவிர எதுவும் தெரியவில்லை.

கால் கைகளைக் கழுவிக்கொண்டு ஆபீஸ் அறையில் தலைகுனிந்து உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைவிட்டால் வேறு இடமில்லை, வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. "எங்களைச் சேத்துக்க மாட்டீங்கன்னு தெரியுங்க" என்றேன்.

"கேட்டைப் பூட்டாதது என் தப்பு. அதுக்கு மார்க்கைக் கொறச்சுக்குங்க" என்றார் மும்தாஜ் அம்மா. "ஆனா என்ன சொல்லி அழைச்சுட்டு வந்தீங்கன்னு எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும் டீச்சர். அவங்ககிட்ட பொய் சொன்னது பரவாயில்ல. எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. செல்லம்மா இவ்வளவு பேசி மாசக்கணக்காச்சு. உங்க அத்தை ரெண்டு நாள் இருக்கட்டும், பாப்போம்."

விடைபெறும் நேரம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கூடவே கிளம்புவேன் என்று அத்தை நின்றால் என்ன சொல்வது? காரில் வைத்தே இன்னொரு பொய்யை யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. கூடத்தில் ஏழு பேரும் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, நடுவில் அத்தை.

"நாங்க வர்றோங்கத்தை" என்றேன்.

"போங்க. ஆளு இன்னும் கரையேறல. ஆளை விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றவர், என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, டீச்சரம்மாவப் பத்திரமா கொண்டுபோய் விட்டுருங்க. விழுந்து வைக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கார் ஏறியதும் அழுதார். மன்னார்குடி வரும்வரை அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் புடவையில் சேறு காய்ந்து போயிருந்தது.

இரண்டு நாள் என்று விட்டுவந்த அத்தை அங்கே நான்கரை வருடம் இருந்தார். கேட்டுக்குப் பூட்டு வந்தது. ஒவ்வொரு வாரமும் போவோம். கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் அதே பதில்தான், "ஆளு இன்னும் கரையேறல." எங்கள் எல்லாரையும் மறந்தார். செல்லம்மாவை மட்டும் கடைசிவரை வாங்க போங்க என்றே கூப்பிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது ஆபீஸில் நேரமானால் போனில் சொல்வது அதைத்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் மீட்டிங்கிலிருந்து, "ஆளு இன்னும் கரையேறலம்மா" என்று செய்தி அனுப்புவாள். நான் காகிதமும் ஸ்கேலும் எடுத்தால் போதும், "சேத்துக்கு எத்தனை மார்க்?" என்று அப்பாவும் மகளும் சேர்ந்து கேட்பார்கள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது மகள் சிரித்துக்கொண்டே கேட்டாள், "உனக்கு மறதி வந்தா என்ன சொல்லிம்மா கார்ல ஏத்துறது?"

"பேப்பர் திருத்தப் போறோம்னு சொல்லு, வந்துடுவேன்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு செல்போனை எடுத்து அதைக் குறித்து வைத்துக்கொண்டாள்.