பேரழகுத் துணி

என் தங்கச்சி ஆஸ்பத்திரி தையல் ரூம்ல வேலை பாக்குறா. அங்க பிள்ளைங்க வார்டுல குளிர் தாங்கல, போர்வை பத்தல. மூலையில வெட்டுத்துணி மூட்டை மூட்டையா கிடக்கே, ஒட்டுப்போட்டுப் போர்வை தைச்சிடலாமேன்னு மேல கேட்டிருக்கா. 'பார்வைக்கு உகந்ததல்லாத துண்டுத் துணிகளை மட்டும் பயன்படுத்திக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது'ன்னு பதில் வந்துச்சு. அழகான துணின்னா ஏலத்துக்குப் போகணுமாம். எது அழகு, எது அசிங்கம்னு முடிவு பண்ண ஒரு குழு.

குழுன்னதும் எங்க பெரிய மச்சான் ஞாபகம் வருது. வீட்டுச் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்னு குடும்பத்தையே கூட்டிவெச்சுக் கேட்டாரு. இன்னைக்கும் அந்தச் சுவர் வெறும் சிமெண்டாத்தான் நிக்குது. அது கிடக்கட்டும்.

மூட்டையில இருந்தது முக்கால்வாசி ஒரே துணி. கடுகு மஞ்சள்ல ஊதாப் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கு நடுவுலயும் பழுப்பா ஒரு கண்ணு. நாம அதைப் பாக்குறதுக்கு முன்னாடி அது நம்மளப் பாத்துரும். இதைவிட அசிங்கத்துக்கு எங்க போறதுன்னு தங்கச்சி நிம்மதியா எடுத்து விரிச்சா.

குழுத்தலைவர் முகம் வெளுத்துப்போச்சு. "இது பெரிய அதிகாரி ரூமுக்குத் திரைச்சீலை தைச்ச மிச்சமாச்சேம்மா. அவரே கடைக்குப் போய்ப் பாத்துப் பாத்து எடுத்தது."

"அதுக்காக அசிங்கம் அழகாயிடுமா சார்?"

"நீ சொன்னது என் காதுல விழல. இது பேரழகு. எழுதிக்கோங்கப்பா."

"அப்போ பிள்ளைங்க?"

"அழகில்லாத துணி ஏதாவது வரும்மா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

ஏலம் விட்டாங்க. ஒருத்தரும் வாய் திறக்கல. யாராலயும் விலை சொல்ல முடியாத அளவுக்கு உயர்ந்த பொருள்னு குறிச்சு, இரும்பு பீரோவுல வெச்சுப் பூட்டி, வாசல்ல ஒரு காவலாளியையும் போட்டாங்க.

தங்கச்சி சின்ன வயசுலயே கெட்டிக்காரி. அம்மா கசப்பு மருந்து கொடுத்தா, "நீயே குடிம்மா, நீ இளைச்சுப் போயிட்ட"ன்னு திருப்பி ஊட்டிவிடுவா. நேரா பெரிய அதிகாரிகிட்ட போனா. "சார், இவ்வளவு அழகு பீரோவுல தூங்கலாமா? உங்க வீட்டுக்கு ஒரு போர்வை தைச்சுத் தரேனே."

அவருக்கு வாயெல்லாம் பல்லு. உடனே உத்தரவு போட்டாரு. போர்வை வீட்டுக்குப் போச்சு. அவர் வீட்டம்மா ஒரே ஒரு தடவை விரிச்சுப் பாத்தாங்க. மறுநாள் காலையில டிரைவர் கையில, 'ஏழைக் குழந்தைகளுக்கு அன்பளிப்பு'ன்னு பிள்ளைங்க வார்டுக்கு வந்து சேந்துருச்சு.

பெரியவர் வீட்டுக்குப் போனா சின்னவங்க சும்மா இருப்பாங்களா? ஒவ்வொரு அதிகாரியும் எனக்கு, எனக்குன்னு கேட்டு வாங்கினாங்க. ஒவ்வொரு வீட்டம்மாவும் தானம் பண்ணினாங்க. தங்கச்சி எல்லாத்துலயும் மூலையில வார்டு முத்திரையைக் குத்தினா. பிள்ளைங்க கதகதன்னு தூங்குச்சுங்க.

அதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். யாரோ பத்திரிகைக்காரர் வார்டைப் படம் எடுத்துப் போட்டுட்டாரு. அவ்வளவுதான், ஊரே கடுகு மஞ்சளுக்கு அலைய ஆரம்பிச்சிருச்சு. கல்யாணத்துக்கு அதுல சட்டை, கைக்குழந்தைக்கு அதுல தொப்பி. பல் டாக்டர் நாற்காலிக்குக்கூட அதுல உறை. வாயைத் திறந்துட்டுப் படுத்தா அத்தனை கண்ணும் உள்ள எட்டிப் பாக்குது.

குழு திரும்பவும் வார்டுக்கு வந்துச்சு. "இதெல்லாம் கலைப்பொருள். நோயாளி மேல கிடக்கக் கூடாது"ன்னு ஒண்ணு விடாம உருவிட்டுப் போய்க் கண்காட்சி வெச்சு வித்தாங்க. பிள்ளைங்க பழையபடி சுருண்டு படுத்துக்கிச்சுங்க.

"நான் அசிங்கம்னு சொன்னப்பவும் தரல, ஊரே அழகுன்னு சொன்னப்பவும் விட்டுவைக்கல, பாத்தியாக்கா?"ன்னு தங்கச்சி என் கட்டில்ல உக்காந்து அழுதா. அந்தக் குழுவை வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்தேன். அழுதுட்டு இருந்தவ திடீர்னு நிறுத்தி, தான் உக்காந்திருந்த போர்வையோட மூலையைத் தூக்கிப் பாத்தா.

மருமக அடுப்படியிலேருந்து குரல் கொடுத்தா. "பாத்து சித்தி, முத்திரை அழிஞ்சுடப் போகுது. அது இருந்தாத்தான் அசல். பக்கத்து வீட்டுல வாங்கினது போலி."